தண்ணீர் என்று பெயர் வைத்த வைஃபை

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கதவோரம் உட்கார்ந்திருப்பவர்களும் உள்ளே தள்ளி வாருங்கள். இந்தக் கதையைச் சத்தம் போட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை. கையிலிருக்கும் போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை, ஆனாலும் பயமாகத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் என் பக்கம் நகர்ந்து கொள்ளுங்கள். பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகமாட்டேன்.

செங்கம் சாலையை விட்டுக் கிரிவலப் பாதை வலப்பக்கம் திரும்புகிறதே, அதற்குச் சற்றுத் தள்ளி ஜானி பாஷாவின் மெத்தைக் கடை இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் வீடு. அவர் இலவம் பஞ்சை அடித்துத் திணிப்பார். அவர் மனைவி குர்ஷித் பேகம் நீள ஊசியால் உறையைத் தைத்து மூடுவாள். ஒரே மகள் தஹ்சீன். கம்ப்யூட்டர் படித்தவள். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு எழுத்தாக்கித் தருகிற வேலையை வீட்டிலிருந்தே செய்கிறாள். அதற்காகத்தான் அந்த வீட்டுக்கு இணையம் வந்தது.

ஜானி பாஷாவின் தகப்பனார் காலத்திலிருந்தே பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடை வாசலில் தண்ணீர்ப் பந்தல் உண்டு. மலையைச் சுற்றுகிறவர்கள் நின்று குடித்துவிட்டுப் போவார்கள். யார் என்ன சாதி, என்ன மதம் என்று அந்தப் பானை யாரையும் கேட்டதில்லை. இந்தக் காலத்து மனிதர்களுக்குத் தாகத்தோடு இன்னொரு தவிப்பும் சேர்ந்துகொண்டது. கூட்டம் சேர்ந்தால் போனில் சிக்னல் போய்விடும். புருஷனைத் தொலைத்த பெண்ணும், அம்மாவைத் தொலைத்த மகனும் செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அழுவார்கள். தஹ்சீன் அதைப் பார்த்துப் பார்த்து, ஒரு பௌர்ணமிக்குத் தன் வீட்டு வைஃபையில் தனியாக ஒரு கிளை பிரித்தாள். அதற்குத் 'தண்ணீர்' என்று பெயர் வைத்தாள், பாஸ்வேர்டு வைக்கவில்லை. அட்டையில் எழுதிப் பானைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். பௌர்ணமி முடிந்ததும் அட்டையை எடுத்துவிட்டு அந்தக் கிளையை அடைத்துவிடுவாள். தண்ணீர் கொடுப்பது போலத்தானே இதுவும் என்று ஜானி பாஷாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஒரு நாள் காலை, கடை திறந்து பஞ்சு மூட்டையைப் பிரிக்கிற நேரத்தில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவள் எழில், சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர். கூட ஒரு பெண் காவலர்.

"இந்த நெட் கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?"

"எம் பேர்லதாங்க. ஏம்மா, பில்லு பாக்கியா?"

"வீட்ல கம்ப்யூட்டர் நல்லாத் தெரிஞ்சவங்க யாரு?"

"எங்க பொண்ணுதாங்க! டிகிரி முடிச்சிருக்கா" என்றார் ஜானி பாஷா, மார்பை நிமிர்த்தி.

பாவம், பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமைதான் தன் மகள் கழுத்தைச் சுற்றப் போகிறது என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

அடி அண்ணாமலையில் ஓவியா என்று ஒரு பெண். தஹ்சீனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. யாரோ அவள் பெயரிலேயே ஒரு பொய்க் கணக்கைத் தொடங்கி, அவள் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டி, பார்க்கக் கூசுகிற படங்களாக்கி மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பியிருந்தார்கள். கல்யாணம் நின்றுபோனது. அந்தப் பெண் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, தலைகூடச் சீவுவதில்லை. அவள் அப்பா புகார் கொடுத்தார். படங்கள் எந்த இணைப்பிலிருந்து போயின என்று கேட்டதற்குக் கம்பெனிக்காரன் ஓர் எண்ணைக் கொடுத்தான். அந்த எண் இந்த மெத்தைக் கடையைக் காட்டியது.

"அடுத்தவங்க பேரையும் மொகத்தையும் திருடறது ஒரு குத்தம். அசிங்கமான படத்த பரப்பறது இன்னொரு குத்தம். ரெண்டுக்கும் ஜெயில் இருக்கு" என்றாள் எழில். பிறகு தஹ்சீனிடம் ஒரு படத்தைக் காட்டினாள். "இத எடுத்தது யாரு?"

கல்லூரியின் கடைசி நாளில் எடுத்த படம். தோழிகள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். அதிலிருந்துதான் ஓவியாவின் முகம் வெட்டப்பட்டிருந்தது.

"நான்தான் மேடம். ஆனா எல்லாருக்கும் அனுப்புனேன். என் ஆன்லைன் பக்கத்துலயும் போட்டிருந்தேன். யார் வேணா எடுத்திருக்கலாம்."

"அவங்க நிச்சயத்துக்கு உன்னக் கூப்புடலியாமே? 'இருக்கட்டும், பாத்துக்கறேன்'னு மெசேஜ் போட்டிருக்க."

"கோவத்துல போட்டேன் மேடம். அவ்ளோதான். அதுக்காக..." என்றாள் தஹ்சீன்.

இன்ஸ்பெக்டர் அவளுடைய போனையும் லேப்டாப்பையும் கவரில் போட்டு மூடி முத்திரை வைத்தாள். வாசலில் நின்றவர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினாள். சுவரில் மாட்டியிருந்த வைஃபை பெட்டியைச் சுட்டிக்காட்டினாள்.

"நாளைக்கு எங்க டெக்னீஷியன் வந்து இதப் பாப்பாரு. அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க. பொம்பளைங்கள ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதான் நானே வந்தேன். நாளைக்கும் நானேதான் வருவேன்."

ஜீப் போன பிறகு பக்கத்துக் கற்பூரக் கடை தசரதன் வந்தார். எந்தச் சங்கதியிலும் தனக்குத் தெரியாதது இல்லை என்கிற மனிதர்.

"இன்னா பாய், ஜீப்பெல்லாம் வந்து போவுது?"

ஜானி பாஷா நாக்குழறச் சொன்னார்.

"அடப் போ பாய். எல்லாம் அந்தப் பொட்டிக்குள்ளதான் கீது. யாரு வந்தா, எப்ப வந்தான்னு குறிச்சு வச்சிருக்கும். பின்னால பொடிசா ஒரு ஓட்டை கீதே, அதுல ஊசிய வச்சு அமுக்கிப் புடிச்சா மொத்தமும் தொடச்சிக்கும். எம் மச்சான் வூட்ல நான்தான் பண்ணேன். மச்சானுக்கு அப்புறம் ஒரு வாரம் நெட்டே வரல, அது வேற கதை."

பேச்சோடு பேச்சாக அவர் சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். உள்ளே உறை தைத்துக்கொண்டிருந்த குர்ஷித்தின் கை நின்றுவிட்டது.

கண்ணுகளா, இனி அவள் செய்ததைச் சொல்கிறேன். அவளை அதிகம் திட்டாதீர்கள்.

மகள் அப்படிச் செய்யமாட்டாள் என்று குர்ஷித்தின் வாய் சொன்னது. ஆனால் அந்த நிச்சயதார்த்த நாளில் தஹ்சீன் கதவைச் சாத்திக்கொண்டு அழுததும், "அவளுக்கு ஒரு நாள் தெரியும் அம்மி" என்று பல்லைக் கடித்ததும் அவள் காதில் திரும்பத் திரும்பக் கேட்டன. செய்திருப்பாளோ? ஒரு நொடிக் கோபத்தில், விளையாட்டாக, பின்னால் என்ன ஆகும் என்று தெரியாமல்? கேட்டுவிடலாம் என்றால் வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்தத் தாய் எங்கே போவாள்?

ஜானி பாஷா தொழுகைக்குப் போயிருந்தார். தஹ்சீன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குர்ஷித் முக்காலியில் ஏறினாள். மெத்தை தைக்கிற நீள ஊசியைத் திருப்பிப் பிடித்து, அதன் மழுங்கிய முனையைப் பெட்டியின் பின்புறத் துளையில் வைத்து அழுத்தினாள். பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் அணைந்தன. ஒரு மூச்சு நேரம் வீடே கண்ணை மூடிக்கொண்டது போல இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. அவள் இறங்கி வந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். நூல் கண்ணுக்குள் போகவே இல்லை.

மறுநாள் டெக்னீஷியன் பெட்டியைத் தன் லேப்டாப்போடு இணைத்துப் பார்த்தான். நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

"மேடம், ஒண்ணுமே இல்ல. கடையில வாங்குன அன்னிக்கு இருந்த மாதிரி இருக்கு. நேத்துதான் அழிச்சிருக்காங்க."

எழில் மெதுவாகத் தஹ்சீன் பக்கம் திரும்பினாள். நேற்றைக்கு இருந்த நிதானம் இன்றைக்கு அவள் பேச்சில் இல்லை.

"படிச்ச பொண்ணுதான. எத அழிக்கணும்னு தெரிஞ்சிருக்கு."

"நான் தொடல மேடம். சத்தியமா நான் தொடல!"

"அப்ப பொட்டி தானே அழிச்சிக்கிச்சா? ஆதாரத்த அழிக்கறதும் தனியா ஒரு குத்தம், தெரியுமா? இது வரைக்கும் விசாரணதான் பண்ணிட்டிருந்தேன். இப்ப உன்னக் கைது பண்ண எனக்குக் காரணம் கெடைச்சிருச்சு."

பெண் காவலர் ஓரடி முன்னால் வந்தாள். ஜானி பாஷா, "அம்மா, தாயே, சின்னப் பொண்ணுங்க" என்று கையைக் கூப்பிக்கொண்டு வாசற்படியை மறித்து நின்றார். தஹ்சீன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கடைசியில் அம்மாவின் முகத்துக்கு வந்தாள்.

சொன்னால் போலீஸ் தன்னைப் பிடிக்கும். அது பெரிய பயமில்லை குர்ஷித்துக்கு. ஏன் அழித்தாய் என்று கேட்பார்கள். மகளுக்கு எதிரிலேயே அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நான்தாங்க" என்றாள். "ஊசியால குத்தி நான்தான் அழிச்சேன். என் பொண்ணுக்குத் தெரியாது."

"எதுக்கு?"

"பயந்துட்டேங்க."

"எதுக்குப் பயம்? உங்க பொண்ணு செய்யலன்னா அந்தப் பொட்டி அவளக் காப்பாத்தியிருக்குமே?"

குர்ஷித் தரையைப் பார்த்தாள். "செஞ்சிருப்பாளோன்னு..."

தஹ்சீன் அழவில்லை. அம்மாவை யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நான் என் வயசில் எத்தனையோ பார்வைகளைப் பார்த்திருக்கிறேன். அதைப் போல ஒன்று யாருக்கும் வேண்டாம்.

எழில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"சரி. மொதல்லேர்ந்து சொல்லுங்க. இந்த வைஃபைய வீட்டு ஆளுங்கள விட்டா வேற யாரு பயன்படுத்துவாங்க?"

"தண்ணி குடிக்க வர்றவங்க எல்லாருங்க" என்றாள் குர்ஷித். தண்ணீர்ப் பந்தலையும், அட்டையையும், பாஸ்வேர்டு இல்லாத கிளையையும் சொன்னாள். "பௌர்ணமிக்கு மட்டுந்தாங்க. மத்த நாள் அடைச்சிருவா."

"பௌர்ணமிக்கு மட்டுமா?"

"ஆமாங்க."

இன்ஸ்பெக்டர் தன் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினாள். பொய்க் கணக்கு தொடங்கிய தேதி, படங்கள் போன தேதிகள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "இந்தத் தேதி எனக்கு பந்தோபஸ்து. இதுவும் பந்தோபஸ்து. ராஜகோபுரத்துக்கிட்ட நின்னேன். இதுவும்..." தாளை மடியில் வைத்தாள். "எல்லாமே பௌர்ணமி. நடுவுல ஒரு நாள்கூட இல்ல."

வீட்டில் வருஷம் முழுக்க இணையம் வைத்திருக்கிற பெண், ஊர் கூடுகிற அன்றைக்கு மட்டுமா இந்த வேலையைச் செய்வாள்? எழில் அதைச் சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் பெண் காவலரைப் பின்னால் போகச் சொல்லிக் கை காட்டினாள்.

"பாருங்கம்மா, கனெக்‌ஷன் யாரோடதுன்னு கம்பெனி சொல்லிடும். கோர்ட்டுக்கு அது பத்தாது. அந்த நேரத்துல போன் யார் கையில இருந்துச்சுன்னு நான் காட்டணும். பொட்டியில எத்தன போன் வந்து போச்சுன்னு இருந்திருக்கும். அத நீங்க தொடச்சிட்டீங்க. இப்ப ஒரே ஒரு வழிதான் இருக்கு."

அந்த வழியைக் கேட்டதும் ஜானி பாஷாவுக்கு வேர்த்துவிட்டது. வருகிற பௌர்ணமிக்கும் பானையை வைக்க வேண்டும். அட்டையைச் சாய்த்து வைக்க வேண்டும். எதுவும் நடக்காதது போல எல்லாருக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"அவன் வருவானாங்க?" என்றார்.

"இது வரைக்கும் மாட்டலன்னு தைரியத்துல இருக்கான். வருவான்."

அந்தப் பௌர்ணமி வரைக்கும் வீட்டில் சோறு பொங்கினார்கள், சாப்பிடவில்லை. தஹ்சீன் அம்மாவோடு பேசவில்லை. தெருவில் போகிறவர்கள் கடையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போனார்கள். மெத்தைக்கு முன்பணம் கொடுத்த ஒருவர் வந்து, "அவசரமில்ல பாய், அப்புறம் பாக்கலாம்" என்று திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

பௌர்ணமி வந்தது. பொழுது சாய்வதற்குள்ளாகவே பாதை நிரம்பிவிட்டது. வெறுங்கால்கள், திருநீறு, தோளில் தூங்குகிற பிள்ளைகள், ஐந்தெழுத்தை முணுமுணுக்கிற வாய்கள். குர்ஷித் பானைக்குப் பின்னால் நின்றாள். வீட்டுக்குள்ளே திரைக்குப் பின்னால் டெக்னீஷியன். பெட்டி இப்போது வந்து சேர்கிற ஒவ்வொரு போனையும் குறித்துக்கொண்டிருந்தது. எழில் சாதாரணப் புடவையில், மெத்தை வாங்க வந்தவள் போலக் கடையில் உட்கார்ந்திருந்தாள்.

குர்ஷித் தம்ளரை நீட்டுவாள், வாங்குகிற கையைப் பார்ப்பாள். இந்தக் கையா? வளையல் போட்ட கை, நடுங்குகிற கிழட்டுக் கை, பிள்ளையின் மூக்கைத் துடைத்த கை. "நல்லா இரும்மா" என்று வாழ்த்திவிட்டு ஒவ்வொருவரும் நகர்ந்தார்கள். வாழ்த்துகிறவர்களில் ஒருவன்தான் அவன். அந்த நினைப்பு வந்ததிலிருந்து ஒவ்வொரு வாழ்த்தும் அவள் முதுகில் ஜில்லென்று ஊர்ந்தது. பெஞ்சிலும், தரையிலும், மரத்தடியிலும் ஏகப்பட்ட பேர் போனில் குனிந்திருந்தார்கள். எல்லா முகத்திலும் ஒரே நீல வெளிச்சம்.

திரை லேசாக அசைந்தது. தஹ்சீன் உள்ளேயிருந்து வந்து எழிலின் காதில் சொன்னாள்: "மேடம், டெக்னீஷியனுக்கு ஓவியா வீட்லேர்ந்து மெசேஜ் வந்துச்சு. அவளோட சித்தப்பாவுக்குப் புதுசா ஒரு படம் வந்திருக்காம். இப்பதான். நம்ம 'தண்ணீர்'ல இருந்துதான் போயிருக்கு."

அவன் இங்கே இருக்கிறான். இருபதடிக்குள் எங்கேயோ இருக்கிறான். குர்ஷித் சொம்பைப் பானைக்குள் விட்டு அடுத்த தம்ளரை நிரப்பினாள்.

"எந்த போன்னு தெரியுதா?" எழில் உதடு அசையாமல் கேட்டாள்.

"தெரியுது மேடம். எந்த ஆளுன்னு தெரியல."

"அந்த ஒரு போனுக்கு மட்டும் நெட்ட நிறுத்தச் சொல்லு."

தஹ்சீன் உள்ளே போனாள். வாசலில் யாரும் தலை நிமிரவில்லை. ஒரு பாட்டி வீடியோவில் பேரனிடம் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு தம்பதி வண்டிக்காரனிடம் இடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மரத்தடியில் ஒருவன் மட்டும் போனை மேலே தூக்கிப் பார்த்தான். அணைத்துப் போட்டுப் பார்த்தான். எழுந்து பானையை நோக்கி வந்தான். நெற்றி நிறையத் திருநீறு, துவைத்து மடித்த வேட்டி. மாதாமாதம் வருகிற முகம்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி. வைஃபை போயிடுச்சாம்மா?"

நல்ல மரியாதையான குரல் கண்ணுகளா. அதுதான் பயங்கரம். குர்ஷித்துக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, ஓட வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் தண்ணீரை மொண்டு அவன் கையில் கொடுத்தாள்.

"குடிங்க தம்பி. இப்ப வந்துடும்."

அவன் அண்ணாந்து குடித்தான். குடித்து முடித்துத் தலையைத் தாழ்த்தியபோது எழில் எதிரில் நின்றாள். இருவருக்குமே ஒருவரை ஒருவர் அடையாளம் தெரிந்தது. ஓவியாவின் அப்பா புகார் கொடுக்க வந்த அன்றைக்கு, அவருக்குத் தைரியம் சொல்லிக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவனே அவன்தான். கீழ்பென்னாத்தூர் வளவன், ஓவியாவின் அத்தை மகன். பெண் கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காக இதையெல்லாம் செய்தவன்.

"போன கீழ போடாத வளவா. அப்படியே என் கையில குடு."

போனைக் கவரில் போட்டு எல்லார் முன்னாலும் முத்திரை வைத்தார்கள். சாட்சிக்குக் கையெழுத்துப் போடத் தசரதனைக் கூப்பிட்டபோது, "எனக்கு இந்த நெட்டு சமாச்சாரம் எல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க மேடம்" என்றார் அவர், முதல் தடவையாக.

தஹ்சீனின் பெயரைக் குற்றவாளிப் பக்கத்தில் எழுதவில்லை, சாட்சிப் பக்கத்தில் எழுதினார்கள். அவளுடைய போனும் லேப்டாப்பும் சோதனைக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. குர்ஷித் பெட்டியை அழித்தது கோப்பில் அப்படியே இருக்கிறது. "நான் மறைக்கமாட்டேம்மா. நீங்களா ஒத்துக்கிட்டதையும் எழுதியிருக்கேன். நாளைக்குக் கோர்ட்ல கேப்பாங்க, இதே மாதிரி உண்மையச் சொல்லுங்க. ஜட்ஜு முடிவு பண்ணட்டும்" என்றாள் எழில். அந்த நாளை நினைத்தால் குர்ஷித்துக்கு இப்போதும் பயம்தான்.

ஆனால் அவளை அதைவிட அதிகமாக வதைத்தது மகளின் மௌனம். ஒரு மத்தியானம், உறையின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, தஹ்சீன் தலை நிமிராமல் பேசினாள்.

"போலீஸ் சந்தேகப்பட்டாங்க. அது அவங்க வேல. ஊசிய எடுக்கறதுக்கு முன்னாடி நீ என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அம்மி."

"கேட்டிருக்கணும் மகளே" என்றாள் குர்ஷித். "நீ இன்னா சொல்லுவியோன்னு பயந்துட்டேன்."

"நானும் பயந்தேன். நீயே நம்பலையேன்னு."

அவள் தன் பக்கத்து முனையை விடவில்லை. அம்மாவும் விடவில்லை. துணி இரண்டு பேருக்கும் நடுவே விறைப்பாக நின்றது. "இழு அம்மி, கோணலாப் போவுது" என்றாள் தஹ்சீன்.

அவ்வளவுதான் கண்ணுகளா. நடுங்கினவர்கள் இப்போது மூச்சு விடலாம். உங்கள் வீட்டு வாசலுக்கு விருந்தாளி மட்டுமே வரட்டும், ஜீப் வரவேண்டாம். உங்கள் பிள்ளைகளின் முகமும் பெயரும் அவர்களிடமே பத்திரமாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அது கைக்குப் போகும் முன்னே வாய்க்கு வரட்டும், கேட்டவர்களுக்கு நல்ல பதிலே கிடைக்கட்டும். அடுப்பும் அணையாமல், சிரிப்பும் குறையாமல், எல்லாரும் நன்றாக இருங்கள்.